காட்டாமல் விட்டவை: ஜப்பானியத் திரைப்பட இயக்குநர் யசுஜிரோ ஓசு குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஓசுவின் கேமரா ஏன் எப்போதும் தரையோடு ஒட்டியே இருக்கிறது?

பதில்: தத்தாமிப் பாயில் அமர்ந்திருப்பவரின் பார்வை அது என்று வழக்கமாகச் சொல்வார்கள், நானும் நெடுநாள் அப்படித்தான் சொல்லிவந்தேன். ஆனால் பாயே இல்லாத அலுவலகத்திலும், உயரமான இருக்கைகள் கொண்ட மதுக்கடையிலும்கூட அவருடைய கேமரா அதே தாழ்வில்தான் இருக்கிறது. எனவே அதைக் காட்சியில் உள்ள யாருடைய பார்வையாகவும் கொள்ள முடியாது; கதவுகளும் தூண்களும் மனிதர்களும் சட்டகத்துக்குள் ஓர் ஒழுங்கில் நிற்பதற்காக அவர் தேர்ந்துகொண்ட இடம் அது. பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸையே பயன்படுத்தினார். 1958இல் வண்ணத்துக்கு மாறிய பிறகு எடுத்த படங்களில் கேமரா நகர்வதே இல்லை.

கேள்வி: இருவர் பேசும்போது யார் யாரைப் பார்க்கிறார்கள் என்றே குழம்புகிறது. இது படத்தொகுப்புப் பிழையா?

பதில்: பிழை அன்று. பேசும் இருவருக்கு இடையிலான கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டக் கூடாது என்ற விதியை அவர் தெரிந்தே மீறினார். சிறிது நேரத்தில் கண் பழகிவிடும்.

கேள்வி: 'லேட் ஸ்பிரிங்' முழுவதும் பெண்ணின் திருமணத்தைப் பற்றியே பேசுகிறார்கள், கடைசிவரை மாப்பிள்ளையைக் காட்டவேயில்லையே, ஐயா?

பதில்: திருமணத்தையும் காட்டவில்லை என்பதைக் கவனித்தீர்களா? 1949இல் வெளிவந்த அப்படத்தில், மணக்கோலத்தில் இருக்கும் மகளாக செட்சுகோ ஹராவைப் பார்க்கிறோம். அடுத்து, மகளை அனுப்பிவிட்டு வெறும் வீட்டுக்குத் திரும்பும் தந்தையாக சிஷு ரியு தனியே அமர்ந்து ஆப்பிளின் தோலைச் சீவுகிறார், சீவிக்கொண்டே தலை கவிழ்கிறார். 'டோக்கியோ ஸ்டோரி'யிலும் (1953) இதே முறைதான்: தாய் விடியும்வரை தாங்கமாட்டாள் என்று மருத்துவரான மகன் சொன்னதும் ஒனொமிச்சி ஊரின் ஆளற்ற காட்சிகள் சில வருகின்றன; மீண்டும் வீட்டுக்குள் நுழையும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. நம் கண்ணீரைக் கறக்க வேறொருவர் அரை மணி நேரம் செலவிடும் இடத்தை, திரைக்கதையில் அவருக்கு நெடுங்காலத் துணையாக இருந்த கோகோ நோடாவும் அவரும் வெற்றிடமாக விட்டுவிட்டு, முன்னும் பின்னும் உள்ள அன்றாடத்தை மட்டுமே தருகிறார்கள். அந்த ஆளற்ற காட்சிகளுக்குக் குறியீட்டுப் பொருள் தேடுவது எனக்கு உடன்பாடில்லை. இழப்பை நாமே உணர்ந்துகொள்வதற்கு அவை அவகாசம் தருகின்றன, அவ்வளவே.

கேள்வி: அவர் திரைத்துறைக்கு வந்தது எப்படி?

பதில்: 1923இல் ஷோச்சிகு நிறுவனத்தில் ஒளிப்பதிவு உதவியாளராகச் சேர்ந்து, 1927இல் இயக்குநரானார், முதல் படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. பேசும்படத்துக்கு 1936இல்தான் மாறினார். 1963 டிசம்பர் 12 அன்று, தமது 60ஆவது பிறந்தநாளிலேயே மறைந்தார். கமகுராவில் உள்ள அவரது கல்லறையில் பெயர் இல்லை; 'இன்மை' என்று பொருள்படும் 'மு' என்ற ஒற்றை எழுத்து மட்டுமே இருக்கிறது.

கேள்வி: மணமே செய்துகொள்ளாதவர் எப்படிக் குடும்பக் கதைகளையே எடுத்தார்?

பதில்: தாயுடன் நெடுங்காலம் வாழ்ந்தவர் அவர். குடும்பத்தை அறிய மணம் கட்டாயமா என்ன?

கேள்வி: எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

பதில்: எல்லோரும் 'டோக்கியோ ஸ்டோரி'யைச் சொல்வார்கள். நான் 'குட் மார்னிங்' (1959) படத்தைச் சொல்வேன்: தொலைக்காட்சிப் பெட்டி கேட்டு அடம்பிடிக்கும் அண்ணனும் தம்பியும், வாயை மூடச் சொன்ன தந்தையைப் பழிவாங்க யாரிடமும் பேசுவதில்லை என்று விரதம் பூணுகிறார்கள். வீட்டில் சிறுவர்கள் இருந்தால் அவர்களையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். வாயு விடும் போட்டி வரும் இடங்களில் அவர்கள் உங்களுக்கு முன்பே சிரித்துவிடுவார்கள்.