பாய் நனைவது இருக்கட்டும், அந்தக் குறட்டை?

அக்கா, எட்டு வயது மகன் இன்னும் பாயை நனைக்கிறான், மாமியார் சோம்பல் என்று ஏசுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். நடுவில் 'அப்பா மாதிரியே குறட்டை' என்று போட்டுவிட்டுக் கடந்துபோனீர்களே, எனக்கு அதுதான் கண்ணில் பட்டது.

டான்சிலோ, மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையோ பெருத்திருந்தால் தூக்கத்தில் மூச்சு அடைபடும். அடைப்பை மீறி இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறி இதயம் விரிகிறது. உடம்பில் நீர் கூடிவிட்டதென்று எடுத்துக்கொண்டு, சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனை அது சுரக்கிறது. தூக்கமும் கெட்டுக் கிடப்பதால் சிறுநீர்ப்பை நிரம்பியது பிள்ளைக்கு உறைக்காது. இதில் சோம்பல் எங்கே வந்தது?

சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட வீட்டில் இருந்தபோது எங்கள் மகளுக்கும் இதே கதைதான். வாயைப் பிளந்து, கழுத்தைப் பின்னால் வளைத்துத் தூங்குவாள். சத்தம் திடீரென்று நிற்கும், அப்புறம் ஒரு திணறல். கைப்பேசியில் இரண்டு நிமிடம் பிடித்துக் கிளினிக்கில் காட்டினோம். வாயால் சொன்னபோது சும்மா தலையாட்டிய டாக்டர், வீடியோவைப் பார்த்ததும் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் எழுதினார். டான்சில் எடுத்த பிறகு மெல்ல மெல்லப் பாய் காய்ந்தது. எல்லாப் பிள்ளைக்கும் அப்படி நிற்காது, சரியா?

மலச்சிக்கலாலும் பாய் நனையலாம், அது இருக்கிறதா என்றும் பாருங்கள். அடிக்கடி தாகம், உடல் மெலிவு என்றால் காத்திருக்க வேண்டாம், உடனே சர்க்கரை பரிசோதியுங்கள்.