டெம்ப்ளேட் தன்னைத்தானே கூப்பிட்டால்: கேள்வி பதில்

பாளையங்கோட்டையிலிருந்து: அண்ணாச்சி, ஜாங்கோவில் (பைத்தானில் வெப்சைட் செய்ய உதவும் கட்டமைப்பு) மெனு டெம்ப்ளேட்டுக்குள், அதாவது பக்க வார்ப்புக்குள், அதே டெம்ப்ளேட்டை இன்க்ளூட் செய்தேன். ரிகர்ஷன் எரர், அதாவது தன்னைத்தானே அளவுக்கு மீறிக் கூப்பிடுகிறது என்ற பிழை, வருகிறது. இப்படிக் கூப்பிடவே கூடாதா?

தாராளமாகக் கூப்பிடலாம். எங்கே நிற்பது என்று சொல்லாமல் விட்டால்தான் வம்பு. உள்மெனு இருந்தால் மட்டும் இன்க்ளூட் ஓடும்படி இஃப் போடுங்கள். அதோடு, உள்மெனுப் பட்டியலை 'வித்' வைத்து அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் உள்ளே போனதும் பழைய பட்டியலையே மறுபடி எடுக்கும். இஃப் இருந்தும் நிற்காது. பலரும் சறுக்குவது இங்கேதான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: பைத்தானின் ரிகர்ஷன் எல்லையைக் கூட்டிவிட்டால் போதாதா?

போதாது. அது இயல்பாக 1000. ஒரு இன்க்ளூடுக்கே உள்ளுக்குள் பல ஃபங்ஷன்கள் ஓடுவதால், 1000 அடுக்குக்கு வெகு முன்பே எரர் வந்துவிடும். ஆனால் எந்த மெனு அவ்வளவு ஆழம் போகிறது? எரர் வந்தால் எங்கோ நிற்காமல் சுற்றுகிறது என்றே அர்த்தம். எல்லையைக் கூட்டினால் எரர் வருவதற்குப் பதில் ப்ராசஸே விழுந்துவிடலாம்.

சேரன்மகாதேவியிலிருந்து: கன்னடியன் கால்வாய்க் குளங்களுக்கு ஒரு பக்கம் செய்கிறேன். ஒவ்வொரு குளத்துக்கும் கீழே அதன் மறுகால் (குளம் நிரம்பி வழியும் தண்ணீர்) விழும் குளம் வரவேண்டும். இஃப் போட்டும் பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது.

தரவைப் பாருங்கள். தாமிரபரணித் தண்ணீர் மேட்டுக்கு ஏறாது, எக்செல்லில் ஏறும். 'அ' குளத்து மறுகால் 'ஆ'வுக்கு, 'ஆ'வின் மறுகால் 'அ'வுக்கு என்று யாராவது பதிந்திருப்பார்கள். 'அடுத்த குளம் உண்டா' என்று இஃப் கேட்டால் எப்போதும் உண்டு என்றே பதில் வரும்.

டெம்ப்ளேட்டுக்கு அனுப்பும் முன்பே, வியூவில் (பக்கத்துக்கான தரவைத் தயாரிக்கும் பைத்தான் பகுதி), கடந்து வந்த குளங்களின் எண்களை ஒரு செட்டில் சேர்த்துக்கொண்டே போங்கள். அடுத்த எண் ஏற்கெனவே அதில் இருந்தால் அங்கேயே நிறுத்தி, 'தரவில் சுற்று' என்று பக்கத்திலேயே காட்டுங்கள். மறைத்தால் தப்பு அப்படியே கிடக்கும். முழுப் பக்கத்துக்கும் ஒரே செட் வேண்டாம், பாதைக்கு ஒன்று வையுங்கள். இரண்டு குளத்து மறுகால் ஒரே குளத்தில் விழுவது நம்ம பக்கத்தில் சகஜம்தானே, அது சுற்றல்ல. பதிவைச் சேமிக்கும்போதே இதைச் சோதித்துத் தடுத்தால் இன்னும் நல்லது.

பேட்டையிலிருந்து: விக்கியில் நான் எழுதிய வார்ப்புரு 'வளையம்' என்று பிழை காட்டுகிறது.

பயன்பாட்டு உதாரணத்தை வார்ப்புருவுக்குள்ளேயே எழுதியிருப்பீர்கள். அதை நோஇன்க்ளூட் குறிக்குள் (வார்ப்புருவைக் கூப்பிடும் பக்கங்களுக்குப் போகாத பகுதி) தள்ளுங்கள். விக்கியை ஓட்டும் மென்பொருளான மீடியாவிக்கி சுற்றைத் தானே பிடித்துவிடும், சர்வருக்கு ஆபத்தில்லை.

தென்காசியிலிருந்து: வேர்ட்பிரஸில் நான் எழுதிய ஷார்ட்கோடு (பதிவுக்குள் போட்டால் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் குறி) உள்ள பக்கம் மட்டும் வெள்ளையாக நிற்கிறது. மெமரி தீர்ந்தது என்கிறது லாக்.

அந்த ஷார்ட்கோடு, தான் இருக்கும் பதிவின் உள்ளடக்கத்தையே எடுத்து 'தி கன்டென்ட்' ஃபில்டரில் (பதிவைக் காட்டும் முன் அதைப் பதப்படுத்தும் படி) விடுகிறதா? அந்த ஃபில்டர் ஷார்ட்கோடை ஓட்டும், ஷார்ட்கோடு திரும்ப ஃபில்டரை ஓட்டும். சமீபத்திய பதிவுகளைப் பட்டியலிடும் ஷார்ட்கோடு என்றால், நடப்புப் பதிவின் ஐடியைக் குவெரியில் விலக்குங்கள். இரண்டு பதிவுகளில் அதே ஷார்ட்கோடு இருந்தால் ஒன்றையொன்று கூப்பிடும். அப்போது ஃபங்ஷனுக்குள் ஒரு ஸ்டாட்டிக் கொடி (ஃபங்ஷன் மறுபடி ஓடினாலும் மதிப்பை நினைவில் வைக்கும் மாறி) வைத்து, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் எழுத்தே இல்லாத காலிச் சரத்தைத் திருப்பிவிடுங்கள். மெமரியை மட்டும் கூட்டாதீர்கள், அதையும் தின்றுவிடும்.