ஏறினது மத்தியானம், இறங்குனது சாயங்காலம்!

கேள்வி: பையன் டிசம்பர்ல பெங்களூர்ல மத்தியானம் ஒன்றரைக்கு பிளைட் ஏறுறான், அன்னிக்கே ஆறேமுக்காலுக்கு லண்டன்ல இறங்குறான்னு டிக்கெட்ல இருக்கு, அப்போ அஞ்சே கால் மணி நேரம்தானா? திரும்பி வர்றதுக்கு மட்டும் ஒன்பதேமுக்கால் மணி நேரம் காட்டுதே?
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: இல்லம்மா, டிக்கெட்ல போடுறது அந்தந்த ஊர் மணி. குளிர்காலத்துல லண்டன் நம்மள விட அஞ்சரை மணி நேரம் பின்னாடி (கோடையில நாலரை), அதையும் கூட்டுங்க, பத்தேமுக்கால் வருதா, அதுதான் தம்பி உக்காந்திருக்கப் போற நேரம். தூரம் சுமார் 8,000 கிலோமீட்டர். இது வான்வழித் தூரம்; ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு சுத்திப் போறோமே, காக்கா நேரா பறந்தா ரொம்பக் கம்மிதானே, அந்த மாதிரி. வீட்ல குளோப் இருந்தா ரெண்டு ஊர்லயும் விரல் வெச்சு ஒரு நூலை இழுத்துக் கட்டிப் பாருங்க, குறுக்கு வழி அதுதான். ஆனா பிளைட் அப்படியே அந்த நூல் மேல போகாது, சண்டை நடக்குற நாட்டை எல்லாம் சுத்திப் போகணும், நேரம் கூடும்.

திரும்பும்போது ஏன் கம்மின்னா, பிளைட் பறக்குற பத்து கிலோமீட்டர் உயரத்துல மேற்கேருந்து கிழக்கா ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு வேகமான காத்து ஓடுது, குளிர்காலத்துல இன்னும் பலமா இருக்கும், போகும்போது எதிர்காத்து, வரும்போது அதே காத்து முதுகுல தள்ளும்.

இன்னொண்ணு, பெங்களூர் ஏர்போர்ட் ஊருக்கு அந்தப் பக்கம் தேவனஹள்ளியில இருக்கு. சேலத்துலேருந்து காலையில வெள்ளனவே கிளம்பிடச் சொல்லுங்க, ஹெப்பால் டிராஃபிக்கை நம்பவே முடியாது.