பாரா மாற்ற ஆள் வராத இரவுகள்

மதிப்பிற்குரிய ஐயா,

தூக்கத்தைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதியதில், “தூக்கம் வராமல் இருப்பது வேறு, தூங்கப் பயப்படுவது வேறு” என்று ஒரு வரி வந்தது. படித்ததிலிருந்து அப்பா நினைவாகவே இருக்கிறது.

அப்பா பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 1999இல் கார்கில் போரின்போது திராஸ் பக்கம் இருந்தார். எங்கள் வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்காரர் இல்லாத தெருவைப் பார்ப்பது அபூர்வம். அதனால் இதில் விசேஷமாக எதுவும் எங்களுக்குத் தோன்றியதில்லை. ஆனால் அவர் ராத்திரியில் ஒழுங்காகத் தூங்கி நான் பார்த்ததே இல்லை. பதினோரு மணிக்குப் படுப்பார். ஒரு மணிக்கு எழுந்து கேட் பூட்டை இழுத்துப் பார்ப்பார், மோட்டார் ரூமைப் பார்ப்பார், பின்கட்டுத் தாழ்ப்பாளைப் பார்ப்பார். அப்புறம் திண்ணையில் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பால்காரர் வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளே வந்து படுப்பது. அந்தக் கொஞ்ச நேரத்திலும் குறட்டை, திடீரென்று கத்தல். போன மாதம் அம்மா உலுக்கி எழுப்பப் போய், அவர் வீசிய கை பட்டு அம்மாவின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அன்றிலிருந்து அம்மா தனி அறையில் படுக்கிறார். அப்பா அதன்பிறகு அம்மா முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

டாக்டர் அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார். சொந்தக்காரர்கள், “எத்தனை வருஷம் ஆச்சு, மறந்துட்டு நிம்மதியா இருங்க” என்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இது வயசுக் கோளாறா, போரின் மிச்சமா? யாராவது இதை ஆராய்ந்திருக்கிறார்களா?

(பெயர் வேண்டாம்.)

*

அன்புள்ள சகோதரிக்கு,

நான் மருத்துவன் இல்லை. உங்கள் அப்பாவுக்கு என்ன என்று இங்கிருந்து சொல்ல எனக்குத் தகுதியும் கிடையாது. ஆனால் “மறந்துடுங்க” என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் நீலகிரிக்கு 1901இல் ரிவர்ஸ் என்றொரு ஆங்கிலேயர் வந்தார். தோடர்களோடு சில மாதங்கள் பழகி, அவர்களுடைய உறவுமுறைகளையும் பால்மடச் சடங்குகளையும் குறித்துக்கொண்டு போய், 1906இல் ஒரு தடித்த புத்தகமாகப் போட்டார். மானிடவியல் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். அடிப்படையில் அவர் மருத்துவர் என்பதும், முதல் உலகப்போரில் மனம் குலைந்து திரும்பிய அதிகாரிகளுக்கு எடின்பரோ நகரின் கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் வைத்தியம் பார்த்தார் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கே வெகுநாள் இரண்டு ரிவர்ஸும் ஒரே ஆள் என்று தெரியாது.

அங்கே வந்தவர்களுக்கு ஏற்கெனவே எல்லோரும் சொல்லி அனுப்பிய அறிவுரை ஒன்றுதான்: அதையே நினைக்காதே, வேறு எதையாவது யோசி. நல்ல பிள்ளைகளாக அவர்களும் பகல் முழுக்க நினைவை அமுக்கிப் பிடித்தார்கள். இரவில் அது பிடியை உதறிக்கொண்டு வந்தது. 1917 டிசம்பரில் சக மருத்துவர்கள் முன்னால் படித்த ஒரு கட்டுரையில் ரிவர்ஸ் இதைத்தான் சொன்னார். போர் இவர்களைக் காயப்படுத்தியது உண்மை, ஆனால் அதை மறக்கப் படும் பாடும் சேர்ந்துதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அதில் ஒரு இளம் அதிகாரியின் கதை வருகிறது. நண்பனைத் தேடிப் போனவர், குண்டில் சிதறி, தலை வேறு உடல் வேறாகக் கிடந்தவனைக் கண்டார். அதிலிருந்து இரவுதோறும் அந்த உருவம் வரும். படுக்கப் போகவே நடுக்கம். ரிவர்ஸ் அவரிடம் மறக்கச் சொல்லவில்லை. உடல் அந்த அளவுக்குச் சிதறியிருக்கிறது என்றால் உங்கள் நண்பர் அந்தக் கணமே இறந்திருக்கிறார், மற்றவர்களைப் போல மணிக்கணக்கில் துடித்திருக்க மாட்டார் என்றார். அதிகாரியின் முகம் தெளிந்ததாம். இதை நினைத்துப் பார்க்க என்னால் முடியும் என்றாராம். சில நாள் கனவே இல்லை. பிறகு ஒரு இரவு கனவு வந்தது. அதே களம், அதே உடல். ஆனால் இந்த முறை அவர் பக்கத்தில் மண்டியிட்டு, நண்பனின் வீட்டாருக்கு அனுப்பவேண்டிய பொருள்களை ஒவ்வொன்றாக எடுக்கிறார். தோல் பெல்ட்டைக் கழற்றும்போது விழிப்பு வந்துவிட்டது. அலறல் இல்லை. அழுதுகொண்டிருந்தார்.

நூறு வருஷத்துக்கு முந்தைய இந்த ஒரு பத்தியை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று தெரியாது. எல்லோருக்கும் இப்படிச் சொல்ல ஒரு ஆறுதல் அகப்படாது என்பதையும், ஆறுதலாகச் சொல்ல எதுவுமே இல்லாத நினைவுகள் உண்டு என்பதையும் அதே கட்டுரையில் ரிவர்ஸே ஒத்துக்கொண்டிருக்கிறார்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களும் அவர்களோடு நின்ற சில மனநல மருத்துவர்களும் பல வருஷம் போராடியதில், 1980இல் ‘பி.டி.எஸ்.டி’ என்ற பெயர் அமெரிக்க மனநலக் கையேட்டில் ஏறியது. பேரதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மன அழுத்தம். தூக்கக் கேடு அந்த நோயின் பல அறிகுறிகளில் ஒன்று, மனசு ஆறினால் தானாகச் சரியாகும் என்றுதான் நினைத்தார்கள். 1989இல் ராஸ் என்பவரும் கூட்டாளிகளும், இல்லை, தூக்கக் கேடுதான் இந்த நோயின் முத்திரையே என்று எழுதினார்கள். பின்னால் வந்த தகவல்கள் அவர்கள் பக்கம்தான் சாய்ந்தன. பி.டி.எஸ்.டி நீங்கிவிட்டது என்று சிகிச்சையில் தேறிய 27 பேரை 2004இல் பார்த்தபோது (இவர்கள் சிப்பாய்கள் அல்ல) ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தூக்கம் மட்டும் திரும்பவே இல்லை. 2013இல் 15,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரை வைத்துப் பார்த்ததில் இன்னொன்று தெரிந்தது. போர்முனைக்குப் போகும் முன்பே சரியாகத் தூங்காதவர்களுக்குத்தான் திரும்பி வந்தபின் பி.டி.எஸ்.டி வரும் வாய்ப்பு கூடுதல். அதாவது தூக்கம் முன்னாலேயே உடைந்திருக்கிறது. மனசை ஆற்றிவிட்டுத் தூக்கத்தைக் கவனிப்போம் என்று காத்திருப்பது தப்பு. தூக்கத்தைத் தனி நோயாக எடுத்துக்கொண்டு இப்போதே பார்க்கவேண்டும். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

பட்டாளத்துக்காரருக்கு இது ஏன் இவ்வளவு கஷ்டம் என்றால், விழித்திருப்பது அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட வேலை. பாராவில் நிற்பவன் தூங்கினால் குற்றம். அமெரிக்க ராணுவச் சட்டத்தில் போர்க்காலத்தில் அதற்கு மரண தண்டனை வரை உண்டு. இருட்டில்தான் எதிரி வருவான், நான் கண்ணசந்தால் பக்கத்தில் இருப்பவன் சாவான் என்று வருஷக்கணக்கில் உடம்புக்குப் பழக்கிவிட்டு, பென்ஷன் பேப்பரில் கையெழுத்து வாங்கியதும் இனி தூங்கு என்றால் உடம்பு கேட்குமா? பூட்டு, மோட்டார் ரூம், பின்கட்டு, சுவரோரம் நாற்காலி என்று எழுதியிருக்கிறீர்களே, அமெரிக்காவில் ஈராக்கிலிருந்து திரும்பியவர்களும் இதே சுற்றுத்தான் சுற்றுகிறார்கள். உங்கள் அப்பா பாராவில் இருக்கிறார். மாற்ற ஆள் வரவில்லை. பால்காரர் வந்தால் விடிந்துவிட்டது, டியூட்டி முடிந்தது.

மருந்து பற்றி. சியாட்டில் நகரில் முன்னாள் படையினருக்கான அரசு மருத்துவமனையில் மர்ரி ராஸ்கின்ட் என்ற மனநல மருத்துவர் இருந்தார். பிரசோசின் என்ற பழைய ரத்த அழுத்த மாத்திரை, போர்க்கனவுகளைக் குறைக்கிறது என்று கண்டவர். விளக்கமும் பொருந்தி வந்தது. கனவு காணும் ரெம் தூக்கத்தில் மூளையில், உடம்பை உஷாராக வைக்கும் நார்அட்ரினலின் சுரப்பு அடங்கியிருக்க வேண்டும். இவர்களுக்கு அது சரியாக அடங்குவதில்லை. அந்த மாத்திரை மூளைக்குள் போய் அதன் வேகத்தைத் தடுக்கிறது. முதலில் ஒரு கை விரல்களில் எண்ணிவிடக்கூடிய நோயாளிகள், பிறகு சிறிய சோதனைகள், 2013இல் ஈராக், ஆப்கானிஸ்தான் போய்வந்த 67 சிப்பாய்கள். எல்லாவற்றிலும் பலன். பிறகு 13 மருத்துவமனைகளில் 304 பேரை வைத்துப் பெரிய சோதனை. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இதைச் சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. 2018இல் அந்த முடிவை வெளியிட்ட கட்டுரையின் முதல் பெயர் ராஸ்கின்டுடையதுதான். இருபது வருஷ உழைப்புக்கு எதிரான முடிவுக்கு மேலே தன் பெயரைப் போடுவதற்கு ஒரு நெஞ்சு வேண்டும். ரொம்பவும் நிலைகுலைந்தவர்களை அந்தச் சோதனையில் சேர்க்காததால் அப்படி வந்திருக்கலாம் என்றும் ஒரு வாதம் இருக்கிறது. இப்போது அமெரிக்க வழிகாட்டு நெறி, கொடுங்கனவுக்கு இதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்ற அளவில் நிற்கிறது. எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும் என்பதால், டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

அல்பிரசோலம் வகை மாத்திரைகளை பி.டி.எஸ்.டிக்குக் கொடுக்கவேண்டாம் என்றே அதே வழிகாட்டு நெறி சொல்கிறது. அதற்காக நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து. அவருக்கு என்ன கத்தல், எத்தனை மணிக்கு என்று எழுதி எடுத்துக்கொண்டுபோய் டாக்டரிடம் பேசுங்கள். முடிந்தால் மனநல மருத்துவர்.

கனவை மாற்றி எழுதும் சிகிச்சை ஒன்றும் இருக்கிறது. கொடுங்கனவைப் பகலில் எழுதி, முடிவை நாமே மாற்றி, அந்தப் புதுக் கனவைத் தினமும் மனசில் ஓட்டிப் பார்ப்பது. ரிவர்ஸின் அதிகாரிக்குத் தானாக நடந்ததை முறையாகச் செய்வது என்று வைத்துக்கொள்ளலாம். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் நன்றாகப் பலித்தது. 124 வியட்நாம் சிப்பாய்களிடம் செய்தபோது அவ்வளவாகப் பலிக்கவில்லை. முப்பது, நாற்பது வருஷம் ஊறிய கனவு சுலபத்தில் பேச்சுக் கேட்காது போலிருக்கிறது.

மருந்தில்லாமல் தூக்கத்தை மட்டும் சீர்செய்யும் பயிற்சிதான் இப்போது முதல் தேர்வு. தூக்கம் சொக்கினால் மட்டும் கட்டிலுக்குப் போவது, எத்தனை மணிக்குத் தூங்கினாலும் தினமும் ஒரே நேரத்தில் எழுவது, புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்து வந்துவிடுவது. கேட்கச் சப்பென்று இருக்கும். பயிற்சி பெற்றவர் ஒருவர் கூட இருந்து வாராவாரம் கணக்குப் பார்த்தால்தான் நடக்கும்.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் “குறட்டை” என்று ஒரு சொல் விழுந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2015இல் சான் டியாகோவில், பி.டி.எஸ்.டிக்குச் சிகிச்சைக்கு வந்த 195 முன்னாள் படையினரிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்தார்கள். 69 சதவீதம் பேருக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் இருக்க வாய்ப்பு அதிகம் என்று வந்தது. பெரும்பாலும் இளம் வயதுக்காரர்கள். மூச்சு நின்று நின்று வந்தால் மூளை ஒவ்வொரு முறையும் அலறியடித்து எழுப்பும். கனவும் அதோடு கலைந்து பாதியில் நிற்கும். இது இருக்கிறதா என்று பார்க்க ஒரு இரவு ஒயர்களை மாட்டிக்கொண்டு தூங்கவேண்டும், அவ்வளவுதான். முன்னாள் படையினருக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ் கார்டு வைத்திருப்பார். அந்த பாலிகிளினிக்கில் ‘ஸ்லீப் ஸ்டடி’க்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். “மனநலம்” என்றால் வரமாட்டேன் என்கிற பட்டாளத்துக்காரர்கூட “மூச்சுக்கு டெஸ்ட்” என்றால் சட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறிவிடுவார்.

அம்மா தனி அறையில் படுப்பதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் எதற்காக என்று அப்பாவிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அது அவருக்குத் தண்டனையாகத்தான் தெரியும்.

என் பெரியப்பா 1971 போருக்குப் போய்வந்தவர். லீவுக்கு அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பெரியப்பாவைத் தொட்டு எழுப்பக்கூடாது. கால்மாட்டில் நின்று, கட்டில் காலைத் தட்டி, பேர் சொல்லவேண்டும். “பெரியப்பா, நான்தான், சின்னவன்.” ஒரு நொடி உடம்பு விறைக்கும். “தம்! கோன் ஆத்தா ஹை?” என்று இந்தியில் அதட்டுவார். நில், யார் வருவது? பாராக்காரன் கேட்கும் கேள்வி. நாங்கள் இன்னொரு தடவை பேரைச் சொல்வோம். “ம்” என்பார். பெரியம்மா அடுப்படியிலிருந்து, “சொல்லியாச்சா? இப்ப கிட்டப் போ” என்பார். அந்தச் சட்டத்தை யார் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று கடைசிவரை நாங்கள் கேட்கவில்லை. உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். கால்மாட்டில் நின்று, தொடாமல், பேர் சொல்லி.