வேலிக்காத்தானை எடுங்கள், புதரை மொட்டையடிக்காதீர்கள்

கேள்வி: மணலி புதுநகரை ஒட்டி ஆற்றுப் பக்கமாக ஒன்றரை ஏக்கர் பட்டா நிலம். நெல் பயிரிடுவதை விட்டு ஏழெட்டு வருடம் ஆகிறது, வேலிக்காத்தான் (சீமைக்கருவேலம்) மண்டிவிட்டது. முன்பு கவுதாரி, உடும்பு, கீரி எல்லாம் கண்ணில் படும், அவை திரும்ப வர ஆசை. ஜேசிபி விட்டு ஒரே நாளில் எடுத்துவிடலாமா? வெட்டிய கட்டையில் உப்பு கொட்டினால் துளிர்க்காது என்கிறார்களே?

பதில்: இரண்டும் வேண்டாம், அய்யா. கொசஸ்தலை ஆற்றோரத்து மண்ணில் ஏற்கெனவே உவர் உண்டு. அதில் உப்பைக் கொட்டினால் வேலிக்காத்தான் தாங்கிக்கொள்ளும். நீங்கள் நடப்போகும் நாட்டுக்கன்றுதான் கருகும். ஜேசிபியோ புற்றையும் வளையையும் சேர்த்தே நசுக்கிவிடும். நாட்டுப் புதர் இல்லாத இடத்தில் இன்றைக்கு கவுதாரிக்கு அந்த வேலிக்காத்தான்தான் வீடு. கவுதாரி தரையில் முட்டையிடும். இரவில் தாழ்ந்த முள்மரத்தில் ஏறி அடையும். அதனால் நிலத்தை மூன்றாகப் பிரித்து, வருடத்துக்கு ஒரு பகுதிக்கு மேல் எடுக்காதீர்கள்.

ஆட்களை இறக்குவதற்கு முன் ஒரு நாள் நடந்து, காப்பாற்ற வேண்டிய செடிகளுக்குத் துணி கட்டிவிடுங்கள். முள் இருந்தாலே வெட்டிவிடுவார்கள். வேலிக்காத்தான் பூ வெளிர்மஞ்சள் கதிர், காய் நீண்டு தட்டையாக இருக்கும். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்ததுபோல் இடையிடையே நெரிந்திருக்கும். கணுவுக்கு நான்கு முள்ளும் வெள்ளைப் பழமும் இருந்தால் அது சங்கஞ்செடி, கொண்டைக்குருவிக்குப் பிடித்த தீனி. சூரை, காரை, நொச்சி எல்லாம் இருக்கட்டும். ஆற்றோரச் சேற்றில் உவர்மண் செடியான உமரியோ அலையாத்தியோ நின்றால் அந்தப் பக்கம் கத்தியே போகக்கூடாது.

வெட்ட ஏற்ற காலம் தை, மாசி. மழை ஓய்ந்தும் மண்ணில் ஈரம் இருக்கும், கடப்பாரை இறங்கும். சாலைப் பக்கம் தொடங்கி, வெட்டாத பகுதியை நோக்கி ஒரே திசையில் நகருங்கள். நாலு பக்கமும் சூழ்ந்தால் உள்ளே இருக்கும் உயிர் தப்ப வழியில்லை. கூடு கண்ட மரத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

தரைமட்டத்தில் வெட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. மண்ணுக்குள் தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்தில் உறங்கும் மொட்டுகள் உண்டு. ஒன்றை வெட்டினால் பத்து கிளைக்கும். கட்டையைச் சுற்றி 30 முதல் 40 செ.மீ. ஆழம் தோண்டி, கழுத்துக்குக் கீழே வேரைக் கோடரியால் துண்டியுங்கள். 45 நாள் கழித்து ஒருமுறை சுற்றி வந்து, துளிர்த்ததை மறுபடியும் தோண்டுங்கள். விதைகள் மண்ணில் பல வருடம் கிடக்கும்; மழைக்குப் பின் முழங்கால் உயரத்துக்குள் கையால் பிடுங்கினால் சுலபம். ஆடு நெற்றைத் தின்றால் விதை சாகாமல் புழுக்கையோடு வந்து முளைக்கும், ஆகவே காய்க்கும் பருவத்தில் ஆட்டை உள்ளே விடாதீர்கள்.

தடித்த மரத்தை விறகுக்குக் கொடுங்கள். மற்றதை எரிக்காமல் ஒரு மீட்டர் உயரம், இரண்டு மீட்டர் அகலத்தில் இரண்டு மூன்று குவியலாக விட்டால் கீரிக்கும் அரணைக்கும் ஒதுங்க இடம். அதில் கண்ணாடிவிரியனும் படுக்கும்; வெறுங்கையால் கலைக்காதீர்கள், பூட்ஸ் இல்லாமல் நடக்காதீர்கள். புற்றை இடிக்க வேண்டாம், உடும்பு அதில் முட்டையிடும். உடும்பு 1972 வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. பிடிப்பதும் கொல்வதும் குற்றம் என்று வேலையாட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நடுவது ஐப்பசி மழைக்கு முந்தி. முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். உவர் அதிகமென்றால் உகாய், பூவரசு, சங்கஞ்செடி. குறைவென்றால் வேம்பு, நாவல், புங்கன். வரிசையாக வேண்டாம்; 45 செ.மீ. குழிக்கு ஒன்றாக ஐந்தாறு கன்றை ஒரு திட்டாக நடுங்கள், நடுவே புல் வளர இடம் விடுங்கள். வரப்பில் பனங்கொட்டையை நேரடியாக ஊன்றுங்கள். முளைத்ததைப் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. முதல் கோடையில் கன்றுக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர்.

நட்டவை இடுப்புயரம் வந்து, அடியில் நிழல் விழுந்த பிறகுதான் அடுத்த பகுதியில் கை வைக்க வேண்டும். அதற்கு இரண்டு வருடம் ஆனாலும் காத்திருங்கள்.