பழைய மாருதி 800: சூடாகாமலே முள் சிவப்புக்கு ஏறினால்

நண்பரே, கப்பலூர் டோல்கேட் பக்கம் வரும்போது டெம்பரேச்சர் முள் சட்டென்று சிவப்புக்குப் போகிறது, ஆவியும் இல்லை, கூலன்ட்டும் குறையவில்லை என்கிறீர்கள். நிஜமாகச் சூடாகும் இன்ஜினில் முள் மெதுவாகத்தான் ஏறும். ஒரே நொடியில் தாவினால் பெரும்பாலும் வயரிங் அல்லது சென்சார் கோளாறு.

காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் வேண்டாம். அப்போதே முள் ஏறினால் சந்தேகமே இல்லை, மின் கோளாறுதான். ஏறாவிட்டால் தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) பக்கம் இருக்கும் டெம்பரேச்சர் சென்சாருக்குப் போகும் வயரை ஆட்டி, முள் தாவுகிறதா என்று பாருங்கள். முள் ஏறி நிற்கும்போது அந்தச் சென்சாரின் ஒற்றை வயரைக் கழற்றுங்கள். (எம்பிஎஃப்ஐ, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டியானால் அருகில் கம்ப்யூட்டருக்கான இரட்டை வயர் சென்சாரும் இருக்கும், அதைத் தொடாதீர்கள்.) முள் கீழே இறங்கினால் சென்சார் போய்விட்டது. இறங்காவிட்டால் வயரின் தோல் உரிந்து எங்கோ பாடியில் உரசுகிறது. பழைய வண்டிகளில் இதை நான் முதலில் சந்தேகிப்பேன். பெட்ரோல் முள்ளும் கூடவே ஏறுகிறதா? அப்படியானால் மீட்டர் போர்டின் எர்த்தைப் பாருங்கள்.

அதுவரை, சித்திரை வெயிலில் முள் ஏறினால் பொய் என்று நினைத்து ஓட்டாதீர்கள். நிறுத்திப் பாருங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கவே கூடாது.