ஸ்வீட் கார்ன் வகைகள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கே: அக்கா, மஞ்சளைவிட வெள்ளை ஸ்வீட் கார்ன்தான் இனிப்பு என்கிறார்களே?

நிறத்துக்கும் இனிப்புக்கும் சம்பந்தமில்லை. மஞ்சள் என்பது கரோட்டினாய்டு நிறமி, அவ்வளவுதான். மணிக்குள் சேரும் சர்க்கரை மாவுச்சத்தாக மாறுவதை எந்த மரபணு தடுக்கிறது என்பதைப் பொறுத்தே இனிப்பு. இரண்டு நிறமும் கலந்த கதிர் கிடைத்தால் மணிகளைத் தனித்தனியே மென்று பாருங்கள்.

கே: விதைப் பாக்கெட்டில் எஸ்யு, எஸ்இ, எஸ்ஹெச்2 என்று போட்டிருக்கிறது. எதை வாங்க?

அவை அந்த மரபணுக்களின் பெயர்கள். எஸ்யு பழைய வகை. 1902-ல் விற்பனைக்கு வந்த கோல்டன் பாண்டம் இந்தக் கூட்டம்தான். இனிப்பு மிதமாக இருக்கும், ஆனால் வாயில் வெண்ணெய்போல் கரையும். சோள வாசனையும் தூக்கலாக இருக்கும். பறித்த சில மணி நேரத்திலேயே இனிப்பு இறங்கத் தொடங்குவதுதான் குறை. எஸ்இ என்பது எஸ்யு-வின் மேல் வந்த இன்னொரு மாற்றம். சர்க்கரை கூடுதல், தோல் மெல்லிசு.

எஸ்ஹெச்2 தான் சூப்பர் ஸ்வீட். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மரபியல் ஆய்வாளர் ஜான் லாஃப்னன் இதன் இனிப்பைக் கவனித்து 1953-ல் எழுதினார். எஸ்யு-வைப்போல் இரண்டு மூன்று மடங்கு சர்க்கரை; குளிரில் வைத்தால் பல நாள் இனிப்புக் குறையாது. கடித்தால் மொறுமொறுவென்றிருக்கும், அந்த வெண்ணெய்ப் பதம் வராது. பறித்தவுடன் வேகவைக்க முடிந்தவர்களுக்கு நான் எஸ்இ-யைத்தான் சொல்வேன். சேமிக்கவோ விற்கவோ என்றால் எஸ்ஹெச்2.

கே: சூப்பர் ஸ்வீட் விதை சுருங்கிப்போய் இருக்கிறது. பாதி முளைக்கவே இல்லை. மட்டமான விதையா?

இல்லை, அதன் இயல்பே அதுதான். சுருங்கியது என்ற பொருளில்தான் அந்த மரபணுவுக்கே பெயர் வைத்தார்கள். மாவுச்சத்துக் குறைவு என்பதால் முளைக்குத் தேவையான சேமிப்பும் குறைவு. மண் குளிர்ந்திருந்தால் அழுகிவிடும். 18 டிகிரிக்கு மேல் சூடேறிய பிறகு, ஆழம் போகாமல், ஈரமான மண்ணில் ஊன்றுங்கள்.

கே: எஸ்யு-வும் எஸ்ஹெச்2-வும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் போட்டேன். இரண்டிலும் மணி கெட்டியாகி, தீவன மக்காச்சோளம் மாதிரி சப்பென்று ஆகிவிட்டது. உரம் போதவில்லையா?

உரத்தின் மேல் பழி வேண்டாம், இது மகரந்தத்தின் வேலை. எனக்கும் ஒரு பருவம் முழுக்க இப்படிப் போயிருக்கிறது, அதனால் உங்கள் வருத்தம் புரிகிறது. மாவுச்சத்து உருவாகும் வழியில் எஸ்யு-வுக்கு ஒரு படி பழுது, எஸ்ஹெச்2-வுக்கு வேறொரு படி பழுது. ஒன்றின் மகரந்தம் மற்றதன் பட்டிழையில், அதாவது கதிர் நுனியில் தொங்கும் நூலில், விழுந்தால், இதில் கெட்ட மரபணுவுக்கு நல்ல பிரதி அதிலிருந்து வந்துவிடும். வழி முழுதும் திறந்து, சர்க்கரை எல்லாம் மாவாகிவிடும். அடுத்த தலைமுறை வரை காத்திருக்க வேண்டாம், அதே கதிரிலேயே தெரியும்.

குறைந்தது 75 மீட்டர் தள்ளி நடுங்கள்; இடமில்லை என்றால் பூக்கும் நாளில் இரண்டு வாரம் வித்தியாசம் வையுங்கள். விதைத்த நாளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், வகைக்கு வகை பூக்கும் நாள் மாறும். எஸ்யு-வும் எஸ்இ-யும் அருகருகே இருந்தால் மணி மாவாகாது. தீவன மக்காச்சோளமும் பாப்கார்ன் சோளமும் எல்லா ஸ்வீட் கார்னையும் கெடுக்கும்.

கே: இவ்வளவு இனிப்பு என்றால் மரபணு மாற்றிய பயிரா?

மூன்றுமே தானாக நேர்ந்த மாற்றங்கள். பூச்சி எதிர்ப்புக்காக மரபணு மாற்றிய ஸ்வீட் கார்னும் உண்டு, ஆனால் அதன் இனிப்பும் இந்த மரபணுக்களிலிருந்துதான் வருகிறது.

கே: எப்போது பறிப்பது? நகத்தால் கீறினால் பால் வரவேண்டும் என்கிறார்கள், எனக்குத் தண்ணீர்தான் வருகிறது.

பட்டிழை வெளிவந்து ஏறக்குறைய 20 நாளில், அது பழுப்பாகிக் காய்ந்ததும் பாருங்கள். எஸ்யு, எஸ்இ என்றால் பால் வரும். சூப்பர் ஸ்வீட்டில் பக்குவமான மணியிலும் சாறு தெளிவாகவே இருக்கும். பாலுக்காகக் காத்திருந்தால் தோல் தடித்துவிடும். நுனி மணிவரை திரண்டிருந்தால் பறித்துவிடுங்கள்.